தூண்டில் போட்டிக்கு ஸ்பான்சர் கேட்பது எப்படி: மதுரைப் பக்கத்துத் தம்பிகளுக்கு ஒரு கடைக்காரனின் குறிப்பு

மதுரையில் தூண்டில் சாமான்கள் விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். பள்ளிக்கு விடுமுறை விட்டதும் என் கைப்பேசிக்கு வரும் செய்திகளில் பாதி, பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் அனுப்புபவை. அவற்றில் பெரும்பாலானவை, "அண்ணே, ஒரு ரீல் ஸ்பான்சர் பண்ணுவீங்களா?" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். அவர்கள் கேட்கும் ரீல், தூண்டில் நரம்பைச் சுற்றும் உருளை. கேட்பதில் ஒரு தவறும் இல்லை. எதற்காகக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த வரியில் பதில் இல்லாததால்தான் நானும் பதில் எழுதாமல் விட்டுவிடுகிறேன். கேட்கப்படும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில், எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். தம்பி என்று எழுதினாலும் தூண்டில் போடும் தங்கைகளுக்கும் இது அப்படியே பொருந்தும். இந்த வட்டாரத்தில் அவர்கள் குறைவு என்பதாலேயே அவர்களுடைய கடிதத்தைக் கடைக்காரர் இரண்டாம் முறையும் படிப்பார்.

உபயம் வேறு, ஸ்பான்சர் வேறு

நம் ஊரில் கொடுத்துப் பழகிய கைகளுக்குப் பஞ்சமில்லை. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் மாட்டை அணைந்தவருக்கு அண்டா, சைக்கிள், பீரோ, தங்கக் காசு என்று பரிசு வரும்போது, அதைக் கொடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் ஒலிக்கும். சித்திரைத் திருவிழாவில் மண்டகப்படிக்காரரின் பெயர் பந்தலில் தெரியும். இதைப் பார்த்தே வளர்ந்ததால், மீன் பிடிக்கிற நமக்கும் யாராவது ஒருவர் உபயம் செய்வார் என்று பையன்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் உபயம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது; கொடுத்தவருக்குப் பெயரும் புண்ணியமும் போதும். ஸ்பான்சர் செய்யும் வியாபாரியோ, இனிமேல் ஓர் ஆண்டு முழுவதும் நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு முன்கூட்டியே கூலி கொடுக்கிறார். நேற்றுப் பிடித்த மீனுக்கு அவர் பணம் தருவதில்லை. அந்த மீன் உங்களை நம்பலாம் என்பதற்குச் சான்று மட்டுமே.

அமெரிக்காவில் பாஸ் என்னும் மீனுக்காக நடக்கும் போட்டிகளின் காணொளிகளைப் பார்த்துத்தான் பலருக்கும் இந்த ஆசை பிறக்கிறது. அங்கே 1960-களின் இறுதியிலிருந்து அமைப்பாகத் திரண்டு, 1971 முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பெரிய போட்டியை நடத்தி, இப்போது பள்ளி மாணவர்களுக்கென்றே தனிப் போட்டிகளும் வைத்திருக்கிறார்கள். படகிலும் சட்டையிலும் நிறுவனப் பெயர்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்தால், எல்லாருக்கும் எல்லாம் இலவசமாகக் கிடைப்பதுபோல் தோன்றும். அங்கேயும் இளைஞர்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது 'ப்ரோ ஸ்டாஃப்' என்ற பெயரில் வரும் தள்ளுபடிதான். தள்ளுபடி முதல் படி; தூண்டில் நரம்பு, முள், லூர் என்னும் செயற்கை இரை போன்ற தீர்ந்துபோகும் சாமான் இரண்டாம் படி; நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் மூன்றாம் படி; கையில் பணம் என்பது அதற்கும் மேலே, வெகு சிலருக்கு மட்டும். எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு கேட்பவருக்குக் கிடைக்கிறது.

நோட்டுதான் முதல் சான்று

கடிதம் எழுதுவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே, நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கண்மாய் அல்லது ஆற்றுப் பகுதி, போன நேரம், திரும்பிய நேரம், தண்ணீரின் நிறம், இரை அல்லது லூர், நரம்பு எத்தனை பவுண்டு தாங்கும், எத்தனை கடி, எத்தனை மீன், ஒவ்வொன்றின் நீளம், திரும்ப விட்டதா வீட்டுக்குக் கொண்டுபோனதா என்பவற்றை அன்று இரவே எழுதிவிட வேண்டும். வைகை அணையின் நீர்மட்டம் நாளிதழில் அன்றாடம் வருகிறது. 71 அடிவரை தேங்கும் அந்த அணையில் அன்று எத்தனை அடி இருந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டால், ஓராண்டுக்குப் பிறகு புரட்டும்போது உங்களுக்கே பல விஷயங்கள் புலப்படும். ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய நாளையும் தவறாமல் எழுதுங்கள். எல்லா நாளும் மீன் கிடைத்ததாகச் சொல்லும் நோட்டைத் தூண்டில் போட்டுப் பழகிய யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது படம். கடைக்கு வரும் படங்களில் நான் முதலில் பார்ப்பது மீனின் அளவை இல்லை, அதைப் பிடித்திருக்கும் கையை. செவுளுக்குள் விரலை விட்டு ஒற்றைக் கையில் தொங்கவிட்ட விரால், சிமெண்டுத் தரையில் மண் ஒட்டிக் கிடக்கும் கட்லா, ரத்தம் வடியும் வாயோடு கெளுத்தி என்று வரும் படங்களை எந்த நிறுவனமும் தன் பெயரோடு வெளியிடாது. முதலில் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். அளவுப் பலகையையும் நனைத்து, மீனின் வாயை மூடி மூக்கு நுனியைப் பூஜ்ஜியத்தில் முட்டவைத்து, வாலைச் சேர்த்துப் பிடித்து, எண் தெரியும்படி நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். விரால் காற்றையும் சுவாசிக்கக்கூடிய மீன் என்பதால் மற்ற மீன்களைவிடத் தண்ணீருக்கு வெளியே தாக்குப்பிடிக்கும். ஆனால் பலகையில் வைத்த மாத்திரத்தில் உடம்பை வளைத்து ஓர் அடி உயரம் துள்ளும். ஈரத்துணியை அதன் கண்மேல் போட்டால் அடங்கும். அந்தப் பத்து வினாடியில் படத்தை எடுத்துவிட வேண்டும்.

விரால் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பார்ப்புக்கு அடியிலேயே தாய் தகப்பன் காவல் நிற்கும். ரப்பர் தவளையை அதன்மேல் எறிந்தால், பசிக்காக இல்லாமல் குஞ்சைக் காப்பதற்காகப் பாய்ந்து கடிக்கும். மீன் கிடைப்பது எளிது, மறுக்கவில்லை. பெரியதைத் தூக்கிவிட்டால் அத்தனை குஞ்சுகளும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். பார்ப்பு மேல் எறிந்து பிடித்த காணொளியை எனக்கு அனுப்பிய பையனுக்கு நான் தள்ளுபடிகூடக் கொடுக்கவில்லை. விவரம் தெரிந்த எந்த ஸ்பான்சரும் அப்படித்தான் செய்வார்.

பதினாறு வயதுக்குள் இருப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வேறொரு வாய்ப்பும் உண்டு. 1939-இல் தொடங்கப்பட்ட ஐஜிஎஃப்ஏ என்ற பன்னாட்டுத் தூண்டில் மீன்பிடி அமைப்பு, உலகச் சாதனைகளின் பட்டியலில் 11 முதல் 16 வயதுவரை உள்ளோருக்கு ஆண், பெண் என இரண்டு தனிப் பிரிவுகளை வைத்திருக்கிறது. எடைக்கான சாதனை என்றால், சான்றளிக்கப்பட்ட தராசில் கரையில் வைத்து நிறுத்திருக்க வேண்டும். மீன் பிடித்த நரம்பின் மாதிரியையும் அனுப்ப வேண்டும். சாதனை கிடைக்காவிட்டாலும், அந்த விதிகளைப் படித்து அவற்றின்படி அளக்கப் பழகியவனின் நோட்டுக்குத் தனி மதிப்பு உண்டு.

யாருடைய தண்ணீரில் பிடித்தீர்கள்?

பையன்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும், ஸ்பான்சருக்கு உண்மையிலேயே தலைவலி கொடுப்பதும் இதுதான். நம் பக்கத்துக் கண்மாய்களில் பலவும் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டவை. ஏலத்தில் எடுத்தவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். அவருக்குத் தெரியாமல் கரையோரத்தில் உட்கார்ந்து பிடித்த கட்லாவை, கடையின் பெயர் பொறித்த சட்டையோடு படம் எடுத்து வெளியிட்டால், மறுநாள் காலை அவர் வந்து நிற்பது என் கடை வாசலில்தான். குத்தகைதாரரை நேரில் பார்த்து, எந்த மீனைப் பிடிக்கலாம், எதைத் திரும்ப விட வேண்டும் என்று கேட்டு, இரண்டு வரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜிலேபிக் கெண்டையையும் விராலையும் பிடிக்கச் சொல்லிவிட்டு, தாம் விட்ட கட்லா, ரோகுவை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லும் குத்தகைதாரர்கள் பலர் உண்டு. அணைகளிலும் இதேபோல் அங்கே மீன்பிடி உரிமை வைத்திருப்பவரிடம் கேட்ட பிறகே தூண்டிலை இறக்க வேண்டும். புலிகள் காப்பகமான மேகமலைக் காட்டு ஓடைகளையும், ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் மறந்துவிடுங்கள். அங்கே எடுத்த படம் சாதனை ஆகாது, வழக்காகும்.

மேலூர்ப் பக்கம் தண்ணீர் வற்றும் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவில் நீங்களும் இறங்கியிருக்கலாம். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கண்மாய்க்குள் பாய்வது பார்க்க வேண்டிய காட்சிதான். அதை உங்கள் போட்டிக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். உங்களை அறிமுகப்படுத்தும் ஒரு வரியாக எழுதலாம். அதற்கு மேல் அது வேறு விளையாட்டு.

யாரைக் கேட்பது, என்ன எழுதுவது

ஷிமானோ, டைவா, ரபாலா போன்ற நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட, நீங்கள் வழக்கமாக முள் வாங்கும் கடைக்கு நடந்து போவது மேல். அந்தக் கடைக்காரருக்கு உங்கள் முகம் தெரியும்; நீங்கள் எதை வாங்குகிறீர்கள், எதைத் திரும்பக் கொண்டுவந்து சண்டை போடுகிறீர்கள் என்பதும் தெரியும். அவருக்கு அடுத்து, மீனோடு தொடர்பே இல்லாத ஊர் வியாபாரிகள்: கபடிக் குழுவுக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கும் ஜவுளிக் கடை, இருசக்கர வாகனப் பட்டறை, உங்கள் தெருவிலிருக்கும் ஜிகர்தண்டாக் கடை. இவர்களிடம் பயணச் செலவும் சட்டையும் கேட்கலாம். லூர் கேட்கக் கூடாது. ஓராண்டு இப்படி நடத்திக் காட்டிய பிறகு, வெளிநாட்டுச் சாமானை இங்கே தருவிக்கும் விநியோகஸ்தருக்கு எழுதுங்கள். தாய் நிறுவனத்தைக் கேட்டாலும் அவர்கள் உங்களை விநியோகஸ்தரிடம்தான் திருப்பிவிடுவார்கள்.

ரீல் ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல ரீலை இலவசமாகக் கொடுத்தால், அந்தக் காசை மீட்க அதே விலையில் இன்னும் பல ரீல்களை நான் விற்றாக வேண்டும். நரம்புச் சுருளோ முள் பாக்கெட்டோ அப்படிக் கனக்காது. மேலும், நரம்பு மாதாமாதம் தீரும். தீர்ந்ததும் நீங்கள் கடைக்கு வருவீர்கள். வரும்போது உங்களோடு இரண்டு நண்பர்களும் வருவார்கள். கொடுப்பவருக்கு எது இலேசாக இருக்குமோ அதைக் கேளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சிறு வயது முதலே மீன்பிடிப்பதில் தீராத ஆர்வம் என்று தொடங்கும் கடிதங்களை நான் இரண்டாவது வரியிலேயே மூடிவிடுவேன். ஆர்வம் இல்லாதவன் யாரும் இப்படி எழுதுவதில்லையே. சென்ற ஆண்டு சோழவந்தான் பக்கமிருந்து பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் முதலில் அந்த மாதிரிக் கடிதத்தைத்தான் கொடுத்தான். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, இருவரும் கடை மேசையில் உட்கார்ந்து திருத்தி எழுதியதன் நடுப்பகுதி இது:

"கடந்த 14 மாதங்களில் 61 நாள் தூண்டில் போட்டு 38 விரால் பிடித்தேன், 29-ஐ அளந்து திரும்ப விட்டேன். பெரியது 64 சென்டிமீட்டர். உங்கள் கடையில் வாங்கிய 30 பவுண்டு பிரெய்டு நரம்பு தாமரைத் தண்டில் உரசி இரண்டு முறை அறுந்தது; 50 பவுண்டுக்கு மாறிய பின் அறுந்ததில்லை. வரும் ஜனவரியில் கடலோரப் போட்டி ஒன்றில் சேர விரும்புகிறேன். நுழைவுக் கட்டணம் 1,500 ரூபாய், அப்பாவுக்கும் எனக்கும் பேருந்தும் சாப்பாடும் 1,300 ரூபாய், நரம்பும் முள்ளும் லூரும் 1,200 ரூபாய், ஆக மொத்தம் 4,000 ரூபாய். இதில் 2,800 ரூபாய் எங்களிடம் இருக்கிறது. மீதிக்கான சாமானை மட்டும் உங்களிடம் கேட்கிறேன். இதற்கு ஈடாக, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை எந்த லூருக்கு எத்தனை கடி, எது உடைந்தது என்று எழுதித் தருவேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலை கடைக்கு வந்து, புதிதாகத் தூண்டில் வாங்குபவர்களுக்கு பாலோமர் முடிச்சுப் போடக் கற்றுத் தருவேன்."

இதில் என்னை இழுத்தவை இரண்டு. நரம்பு அறுந்ததை மறைக்காமல் சொன்னது ஒன்று. முடிச்சுக் கற்றுத் தருவேன் என்றது மற்றொன்று. முடிச்சு அவிழ்ந்துபோனதற்கு நரம்பைக் குறைசொல்லித் திரும்ப வரும் வாடிக்கையாளர்களோடு வாரம் முழுவதும் மல்லுக்கட்டுபவன் நான். என் வேலையில் ஒரு மணி நேரத்தை அவன் குறைத்தான். நீங்கள் கேட்கப்போகும் கடையில் அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று கடிதம் எழுதும் முன் நின்று பாருங்கள்.

கடிதத்தின் கடைசியில் ஆண்டுத் திட்டத்தை நான்கு வரியில் சேருங்கள். வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கண்மாய்கள் நிறையும். மறுகால் பாயும் நாட்களில் கலங்கல் தண்ணீர். பொங்கலுக்குப் பிறகு தெளிந்து வேட்டை சூடுபிடிக்கும். சித்திரை, வைகாசியில் பல கண்மாய்கள் வறண்டுவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மார்ச் மாதத்தில் பொதுத்தேர்வு இருந்தால் அந்த மாதம் தூண்டிலைத் தொட மாட்டேன் என்று நீங்களே எழுதிவிடுங்கள். படிப்பைக் கெடுத்தான் என்று உங்கள் வீட்டார் தன்னைத் திட்டுவார்களோ என்ற பயம் எல்லாக் கடைக்காரருக்கும் உண்டு. அந்த வரி அதைப் போக்கும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். படகில் உயிர்காப்புச் சட்டை, இறங்கும் நீரில் சேற்றின் ஆழம் தெரிந்த ஒரு துணை. கார்பன் ராடு, அதாவது தூண்டில் கோல், மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பலர் அறிவதில்லை. கண்மாய்க் கரையில் தாழத் தொங்கும் மின்கம்பிக்குக் கீழே ராடை ஓங்குவதும், இடி இடிக்கும்போது அதை உயர்த்திப் பிடித்திருப்பதும் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

கையெழுத்துப் போடும் முன்

18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. எனவே தாயோ தந்தையோ காப்பாளரோ பேச்சுவார்த்தையின்போதே உடன் இருந்து, படித்துப் பார்த்து, அவர்கள் பெயரில் கையெழுத்திட வேண்டும். பையனோடு மட்டும் இன்பாக்ஸில் பேசி முடிக்கப் பார்க்கும் நிறுவனத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை விரல் வைத்துப் படிக்க வேண்டும். உங்கள் படங்களை எத்தனை காலம், எங்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்பது முதலாவது. வேறு நிறுவனச் சாமானைத் தொடக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அது நரம்புக்கு மட்டுமா எல்லாவற்றுக்குமா என்பது இரண்டாவது. ஒரு சுருள் நரம்பைக் கொடுத்துவிட்டு ராடு, ரீல், லூர் அனைத்தையும் கட்டிப்போடுகிற நிபந்தனைக்கு இணங்காதீர்கள். இடையில் விலகினால் சாமானைத் திருப்பித் தர வேண்டுமா என்பது மூன்றாவது. எனக்குத் தெரிந்த ஒரு பையனிடம் ஒரு நிறுவனம் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை வாங்கிக்கொண்டு, சாமான் வருகிறது வருகிறது என்று எட்டு மாதம் இழுத்தடித்துக் கடைசியில் ஒரு தொப்பி அனுப்பியது. எழுதி வாங்காததால் அவனால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

எங்கள் தூதர் ஆக உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், பாதி விலைக்கு எங்கள் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்பினால், நீங்கள் வாடிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள். காசு உங்கள் பக்கமிருந்து போனால் அது ஸ்பான்சர் ஆகாது.

வரி விஷயம் ஆரம்பத்தில் உங்களைத் தொடாது. ஆனால் வளர்ந்து வருபவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்: தொழில் சார்ந்து ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுக்கும் நிறுவனங்கள் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலையில் வந்தது. அந்த அளவுக்குப் போனால் ஒரு கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.

கிடைத்த பிறகு

இலவசமாக வந்த சாமானைக் காட்டிக் காணொளி போட்டால், அது விளம்பரம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விளம்பரத் தரக் கவுன்சிலான ஏஎஸ்சிஐ 2021-இல் வகுத்த நெறிமுறைகள், பணம் வாங்காமல் பொருள் மட்டும் வாங்கியிருந்தாலும் இதைக் கேட்கின்றன. தமிழில் பேசும் காணொளியில் தமிழிலேயே சொல்லுங்கள்; கடைசியில் பொடி எழுத்தில் ஓடவிட வேண்டாம்.

சாமான் சரியில்லை என்றால் முதலில் கொடுத்தவருக்குத் தனியாக, நாள், மீன், உடைந்த இடத்தின் படத்தோடு எழுதுங்கள். அதற்காகப் பொதுவில் புகழவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். கொடுத்ததை விற்காதீர்கள், ஊர் சிறியது, மதுரையில் யார் யாரிடம் எதை விற்றார் என்பது மூன்றாம் நாள் கடைக்கு வந்துவிடும்.

போட்டியில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பினால் அன்றே சொல்லிவிடுங்கள். சோழவந்தான் பையன் அந்த ஜனவரிப் போட்டியில் ஒரு சின்னப் பாறை மீன்கூட இல்லாமல் திரும்பினான். மறுநாள் மாலை கடைக்கு வந்து, உப்புத் தண்ணீரில் எந்த ஸ்விவல் (நரம்பு முறுக்காமலிருக்கக் கட்டும் சுழல் வளையம்) துருப்பிடித்தது, பக்கத்தில் நின்றவர்கள் எந்த எடையுள்ள ஜிக் லூரைப் பயன்படுத்தினார்கள் என்று நோட்டில் இரண்டு பக்கம் காட்டினான். அந்த ஸ்விவலை நான் இப்போது தருவிப்பதில்லை. ஆறு மாதம் முடிவதற்கு நான்கு வாரம் இருக்கும்போது, அடுத்த ஆறு மாதத்துக்கான கடிதத்தை அவனே எழுதிக் கொண்டுவந்தான். இந்த முறை கேட்டது இரண்டு சுருள் நரம்பும் நுழைவுக் கட்டணத்தில் பாதியும். கீழே அவனுடைய அப்பாவின் கையெழுத்து இருந்தது.